குருவி லிஃப்டில் வந்தாள்

"அங்க போய் எதையும் உளறி வைக்காதே. கேட்குதா?"

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கேட்குது. நீ முதல்ல அந்த பிரேக் மேல இருந்து காலை எடும்மா. கார் திணறுது."

அது டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. மற்ற நாட்களில் அங்கே உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது குருவியின் பிழைப்பு. இன்று அந்த இடம் அம்மாவுக்கு.

குருவி என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயோடு குழந்தைகள் வார்டில் கிடந்தபோது அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டர் அப்படிக் கூப்பிட்டார். முடி மறுபடி முளைத்தது, நோய் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது முப்பத்தைந்து வயது. வருஷம் ஒருமுறை வார்டுக்குப் போய், புதிதாகச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோர் முன்னால் நிற்பாள். "பாருங்க, எப்படி வளர்ந்து நிக்கிறா!" என்பார் சிஸ்டர். சிலர் தொட்டுக்கூடப் பார்ப்பார்கள்.

இந்த வருஷம்தான் சிக்கல். போன மாதம் மேட்டில் நின்றுபோன காரைத் தள்ளப்போய், மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பரிசோதித்ததில் இதயம் பலவீனமாகியிருந்தது தெரிந்தது. "சின்ன வயசுல உங்களைப் பிழைக்கவச்ச மருந்தோட வேலை இது. மாத்திரையில சமாளிக்கலாம். ஆனா இடையில இதயத்தைப் பரிசோதிச்சிருக்கணுமே, யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர்.

யாரும் சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். அதோடு சரி.

"அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களே உயிரைக் கையில பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. நீ வேற வயித்துல புளியைக் கரைக்காதே" என்றாள் அம்மா.

"சொல்லாம விட்டா, அந்தப் பிள்ளைங்களும் நாளைக்கு ரோட்டோரம் உட்காரும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார்டு வாசலில் சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னடி, படியில தாவி வர்றவ லிஃப்ட்ல வர்றே? மகாராணி ஆயிட்டியா?"

"வயசாகுது சிஸ்டர்."

"எனக்கே ஆகல, உனக்கு ஆயிடுச்சா!"

அறையில் ஏழெட்டுப் பேர். தூக்கமில்லாத கண்கள். எல்லாம் அவள்மேல். குருவி ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"பையில சிவப்பா ஒரு மருந்து தொங்குமே, எனக்கும் அதை ஏத்தினாங்க. அதனாலதான் இன்னிக்கு இங்க நிக்கிறேன். அதனாலயே என் இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கு. எல்லாருக்கும் இப்படி வராது. ஆனா குணமானதும் விட்டுடாதீங்க. இதயத்துக்கு ஸ்கேன் எப்பப்ப எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, விடாம எடுங்க. பிள்ளை பெருசானதும் அதுகிட்டயும் சொல்லுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு அப்பா எழுந்தார். "தைரியம் சொல்லத்தானே இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? இது என்ன சிஸ்டர், புதுசா ஒரு குண்டு?"

சிஸ்டர் குருவியின் பக்கம் திரும்பினார்.

பின்வரிசையில் ஒரு பெண், தொப்பி போட்ட மகளைத் தோளில் சாய்த்திருந்தாள். "உங்களுக்கு என்ன வயசுங்க?"

"முப்பத்தஞ்சு."

"இவளுக்கு நாலு. இவளுக்கும் உங்க வயசுல இப்படி மூச்சு வாங்குமா?"

"வாங்கலாம். வாங்காமலும் போகலாம்."

அந்தப் பெண் மகளின் முதுகைத் தடவினாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்றே குருவி நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் சிரித்தாள்.

"வாங்கட்டுமே! முப்பத்தஞ்சு வயசுல மூச்சு வாங்கட்டும், முட்டி வலிக்கட்டும், என்னை எதிர்த்துப் பேசட்டும். நான் இந்த மாசத்தைத் தாண்டி யோசிச்சதே இல்லைங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஸ்கேன் பேர் என்னன்னு சொல்லுங்க. மறந்துடுவேன், போன்ல போட்டுக்கறேன்."

"எக்கோ."

எழுந்து நின்ற அப்பா மெல்ல உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் போனை எடுத்தார்.

திரும்பும்போது சிக்னலில் கார் நின்றதும் அம்மா கேட்டாள்.

"உனக்கு அடுத்த எக்கோ எப்போ?"

"வர்ற மாசம்."

"நானும் வர்றேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"அது நடக்கிற காரியமாம்மா?"

சிக்னல் பச்சையானது. அம்மா குனிந்து பார்த்து, காலை பிரேக்கிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டாள்.