காலனிப் பள்ளிக்கு வந்த பூத்

எங்கள் ஊரில் ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். கூரை எப்போது தலையில் விழும் என்று தெரியாத கட்டடம், இடித்தது நல்லதுதான். ஆனால் இத்தனை வருஷமாக ஓட்டுச்சாவடி அங்கேதான் இருந்தது. இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு அதைக் காலனிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்கக் கட்டடம். சாய்தளம் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, கக்கூஸ் உண்டு. ஓட்டுப் போட வேறு என்ன வேண்டும்? ஊர்த்தெருக்காரர்களுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாததால், தேர்தலைப் புறக்கணிக்கிறோம் என்று பேனர் கட்டிவிட்டார்கள்.

என் பெயர் மணிமொழி. காலனிக்காரி. அங்கன்வாடியில் வேலை. தேர்தல் வந்தால் எங்கள் பூத்துக்கு பி.எல்.ஓ.வும் நான்தான், பட்டியலைச் சரிபார்ப்பது, வீடு வீடாகப் போய் பூத் சிலிப் கொடுப்பது எல்லாம் என் தலையில். கோபம் கொஞ்சம் கூடுதலாக வரும். என் வீட்டுக்காரர் அரவிந்தன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அதனால் நான் மறைத்துப் பயனில்லை.

பழைய பூத்தில் நாங்கள் ஓட்டுப் போட்ட அழகைச் சொல்கிறேன். காலையில் போனால், ஊர்க்காரங்க போட்டு முடிக்கட்டும் என்பார்கள். மத்தியானம் போனால், சாப்பாட்டு நேரம், வெயில் தாழ வாங்க என்பார்கள். வெயில் தாழப் போனால், உன் ஓட்டு விழுந்துடுச்சே என்று சிரிப்பார்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுகள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரே தெருக்காரர்கள். போன தேர்தலில் என் அம்மா ஆண்டாயி அப்படித்தான் விரலில் மை இல்லாமல் திரும்பி வந்தாள். அழவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். பூத் மறுபடி ஊர்த்தெருவுக்குப் போனால் இந்த முறையும் அவள் அப்படித்தான் வருவாள். அது போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வந்தார். பஸ் ஸ்டாப் நிழலில் நாற்காலி போட்டார்கள். ஊர்த்தரப்பில் கிருஷ்ணமூர்த்தி வந்திருந்தார். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற பெரிய நிலக்காரர். ஊர்க்கூட்டத்தில் கடைசியாகப் பேசுவார். அவர் பேசிய பிறகு வேறு யாரும் பேச மாட்டார்கள். பட்டியலோடு நானும் வர வேண்டும் என்று தாசில்தார் சொல்லியிருந்ததால் ஒரு ஓரமாக நின்றேன்.

"என்ன வசதி இல்லங்கிறீங்க?" என்று தாசில்தார் கேட்டார்.

"செந்துறையிலேருந்து சாயங்கால பஸ் உள்ள வர்றதில்லீங்க."

தாசில்தார் அங்கேயே டிப்போவுக்குப் போன் போட்டார். பஸ் நாளையிலிருந்து வரும் என்றார். கூட்டத்தில் யாரும் சந்தோஷப்படவில்லை.

"தண்ணி டேங்க்கு ஒழுவுது."

"ஆள் அனுப்புறேன். அடுத்து?"

"சுடுகாட்டுக்குக் கொட்டாய்."

"எஸ்டிமேட் போட்டாச்சு. எலக்‌ஷன் முடிஞ்சதும் வேலை ஆரம்பிச்சிடும்."

இப்படிக் கேட்டதையெல்லாம் ஒரு மனிதர் கொடுத்துக்கொண்டே போனால் என்ன செய்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் தொகுதி பாதி பெரம்பலூர் மாவட்டத்திலும் பாதி அரியலூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. எதைக் கேட்டாலும் அங்கே போ, இங்கே போ என்றுதான் பதில் வரும். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டார்கள் பாவம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"இன்னொன்னு இருக்கு சார். வயசானவங்க நிறைய பேரு இருக்காங்க. பள்ளிக்கூடம் தூரம். பூத்தை நம்ம தெரு மண்டபத்துக்கு மாத்திட்டீங்கன்னா போதும், பேனரை இப்பவே அவுத்துடுறோம்."

தாசில்தார் நெற்றியைத் துடைத்தார். மனிதர் களைத்திருந்தார். ஒரு ஊர் ஓட்டுப் போடவில்லை என்றால் மேலே அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "கடைசி நேரம். இருந்தாலும் கலெக்டர் ஆபீஸ்ல பேசிப் பாக்கலாம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க ஆளுங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போவாங்கல்ல?"

அனுசரிப்பதற்கு எங்களைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அரசாங்க வேலை, வாயை அடக்கு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கேட்கிற நிலையில் நான் இல்லை.

"தூரம் இல்லீங்க சார். இவங்க மாடு மேய்ச்சலுக்குப் போறதே எங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான். எங்க தெருவுல வந்து வரிசையில நிக்கணும், அதான் கஷ்டம். அதை அவரையே சொல்லச் சொல்லுங்க. 'காலனியில போயி நிக்க மாட்டோம், அதனால பூத்தை மாத்துங்க'ன்னு ஒரு மனுவா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அடுத்த கையெழுத்து நானே போடுறேன்."

அப்படி எழுதிக் கொடுத்தால் அது மனுவாக இருக்காது, வன்கொடுமை வழக்காகிவிடும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தாசில்தாருக்கும் தெரியும். அவர் பேனாவை எடுத்து கிருஷ்ணமூர்த்தியிடம் நீட்டினார். உண்மையிலேயே எழுதச் சொன்னாரா, தன் தலைவலியைத் தீர்த்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கிருஷ்ணமூர்த்தி அதை வாங்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பூத்து இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார் தாசில்தார்.

மறுநாள் ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒன்றுகூட அங்கன்வாடிக்கு வரவில்லை. சூப்பர்வைசர் ஜெயசுதா மேடம் போன் செய்து, "ஏன் மணிமொழி உனக்கு இந்த வேலை? சென்டர்ல புள்ளைங்க இல்லன்னா மேல என்னன்னு எழுதுறது?" என்றார். சிலிப் கொண்டுபோன வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ரெங்கம்மாள் மட்டும் ஜன்னல் வழியாக, "வாங்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. எங்க மேல கோவிச்சுக்காத" என்றாள். கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். கட்டுக் கட்டாகச் சிலிப்பைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பயமாக இல்லையா என்று அரவிந்தன் கேட்டார். பயமாகத்தான் இருந்தது. அதற்காகச் சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்?

வாக்குப்பதிவு அன்று பள்ளி வாசலில் மேசை போட்டு, பட்டியலோடு உட்கார்ந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். உள்ளே போய் வந்தவள், மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள். "பொத்தான அமுக்குனதும் கத்துச்சுடி" என்றாள். நான் அழுதுவிட்டேன். வேலை நேரத்தில் அழக் கூடாதுதான், அழுதுவிட்டேன்.

மத்தியானத்துக்குள் காலனி ஓட்டு அநேகமாக விழுந்துவிட்டது. ஊர்த்தெருவிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. கலெக்டர் வந்து கூப்பிடுவார் என்று மண்டபத்தில் காத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். கலெக்டருக்கு வேறு வேலை இருந்தது.

சாயங்காலம் மண்டபத்து முன் ஒரு கார் வந்து நின்றதாம். கிருஷ்ணமூர்த்தியின் அக்கா மகன் ரஞ்சித்குமார், கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. "என் சொந்த பூத்துல நம்ம சின்னத்துக்கு ஒரு ஓட்டு விழலன்னா நான் தலைமைக்கு என்ன மாமா பதில் சொல்றது? அவங்க ஓட்டெல்லாம் விழுந்துடுச்சு. நாம வூட்டுல உக்காந்து எதிர்க்கட்சிக்காரனை ஜெயிக்க வைக்கப் போறமா?" என்று தெரு கேட்கக் கத்தினானாம். காலனி ஓட்டு முழுசாக விழும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. இதுவரை விழுந்ததில்லையே.

கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் சைக்கிளில் வந்தான். சிலிப்பையெல்லாம் மண்டபத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

"மேசையை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு ஆர்டர். வேணுங்கிறவங்க இங்க வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றேன்.

வந்தார்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் மொத்தத் தெருவும் வந்தது. வந்தவர்கள் வரிசையில் சேராமல், சுவரோரமாகத் தங்களுக்கென்று தனி வரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியூர் வேலையிலிருந்து ஓட்டுக்காக வந்த எங்கள் ஆட்கள் சிலர் முன்னால் நின்றிருந்தார்கள். கடைசியில் அரியமுத்து சித்தப்பா. ஒரு காலத்தில் கிருஷ்ணமூர்த்தி வயலில் பண்ணையாளாகக் கிடந்தவர், இப்போது பாடாலூரில் ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர், "ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. மூணாவது எதுக்கு?" என்று சுவரோர வரிசையைக் கலைத்துவிட்டார்.

கிருஷ்ணமூர்த்தி முதல் ஆளாக என் மேசைக்கு வந்தார்.

"பேரு சொல்லுங்க" என்றேன்.

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க. பட்டியல்ல பாக்கணும். பேரு சொல்லுங்க."

"கிருஷ்ணமூர்த்தி."

"அப்பா பேரு?"

பின்னால் அவர் தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா பெயரையும் சொன்னார். தேவையில்லாமல் கேட்டேனா என்றால், ஆமாம். எனக்கு அது வேண்டியிருந்தது. அவருடைய சிலிப்பை எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டாமல் மேசையைப் பார்த்தார். எங்கள் கையிலிருந்து எதையும் நேராக வாங்க மாட்டார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் தரும் கூலியையும் கீழேதான் வைப்பார்கள், நாங்கள் கொடுக்கும் கல்யாணப் பத்திரிகையானாலும் அப்படித்தான்.

நான் வைக்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தேன். உள்ளேயிருந்து போலீஸ்காரர், "ஆறு மணிக்கு கேட்ட சாத்திடுவோம், சீக்கிரம் வரிசைக்கு வாங்க" என்று குரல் கொடுத்தார். ரஞ்சித்குமார் பின்னாலிருந்து, "வாங்குங்க மாமா" என்று பல்லைக் கடித்தான்.

கிருஷ்ணமூர்த்தி என் கையிலிருந்து சிலிப்பை வாங்கினார்.

"அடுத்த எலக்‌ஷனுக்கு பூத்து இங்க இருக்காது, பாத்துக்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இருக்குங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அரியமுத்து சித்தப்பாவுக்குப் பின்னாடி போயி நில்லுங்க."