நான்கை அழுத்தினால் பாட்டு

1

“அதுல ஆளே இல்லன்னு தெரிஞ்சும் என் குரல வச்சு—”

“கங்கா, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“—என் குரல வச்சுக் கூப்பிட்டிருக்கீங்க சார்.”

“யாரையும் கூப்பிடல லா. அது மெனு. எல்லா ஆபீஸ்லயும்—”

“எல்லா ஆபீஸ்லயும் நாலுக்குப் பின்னால ஒரு மேசை இருக்கும். இங்க என்னா இருக்கு?”

“பாட்டு இருக்கு.”

“அந்த மனுஷி, தலைக்கு மேல உத்தரம் வளஞ்சிருக்குன்னு பாட்டுக்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கு சார்.”

இந்த வரிகளை நான் எழுதவில்லை. காதால் கேட்டேன். எங்கே கேட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கிழவி வீட்டில் உட்கார்ந்து கோபத்தைக் கற்பனை செய்கிறாள் என்பீர்கள்.

புக்கிட் ரோத்தானில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டித் தள்ளும் செம்பனை மட்டைகள் அதை அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் என் சமையல்கட்டுக்கு வருகிறது. தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். முன்பெல்லாம் ஒரு பெண் எடுத்து, “சொல்லுங்கம்மா” என்பாள். இந்த முறையும் அதே பெண்ணின் குரல்தான், ஆனால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மலாயும் ஆங்கிலமும் முடிந்து தமிழில் வந்தாள். செம்பனைப் பழ விற்பனைக்கு ஒன்று, லோரிக்கு இரண்டு, கணக்குப் பிரிவுக்கு மூன்று. “லயம், வீடு, சுற்றுப்புறம் பற்றிய புகார்களுக்கு எண் நான்கை அழுத்தவும். நன்றி.” அழுத்தினேன். பாட்டு வந்தது. சொல் இல்லாத கீபோர்டுப் பாட்டு, முடிகிற மாதிரி போக்குக் காட்டி மறுபடி தொடங்குவது. திடீரென்று அது நின்றது. மேலே எழுதியிருக்கும் சண்டை கேட்டது.

ஹலோ என்றேன். ஹலோ ஹலோ என்றேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. பிறகு யாரோ துண்டித்துவிட்டார்கள்.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில சமயம் வராமலே போய்விடும். இந்தத் தடவை பேச்சு, யாரோ கொண்டுவந்து கொடுத்தது மாதிரி, வீட்டுக்கே வந்துவிட்டது. மிச்சத்தை நான் கட்ட வேண்டும். கங்கா என்ற பெயர் சண்டையிலேயே இருந்தது. மற்ற பெயர்கள் நான் வைத்தவை. தோட்டத்துக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் எங்கிருந்தாவது ஒரு வக்கீல் புறப்பட்டு வருவார்.

2

முதல் வரி மூன்று விதமாக வந்தது.

(அ) ‘காலைப் பனியில் செம்பனை மரங்கள் வரிசையாக நின்று—’ நிற்கட்டும். அவற்றுக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை.

(ஆ) ‘கங்கா ஓர் ஏழைப் பெண்—’ ஏழை என்று யார் சொன்னது? அசாம் ஜாவாவில் சொந்த வீடு, சொந்தக் கார். அவள் கோபப்படுவதற்கு ஏழையாக இருந்தாக வேண்டுமா?

(இ) புதுப் போன் வந்த அன்று கங்காவுக்குச் சந்தோஷம்தான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். அதுவரை ஆபீசில் ஒரே லைன். கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் பேசிக்கொண்டிருந்தால் பழ வியாபாரி காத்திருப்பார். யாருக்கு அழைப்பு வந்தாலும் கங்கா வாயருகே கையைக் குவித்து உள்ளறைகளை நோக்கிக் கத்த வேண்டும். இப்போது நான்கு லைன், ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எண், அவளுடைய மேசையில் வரிசையாக விளக்கு வைத்த பெரிய போன். நிலையாக எரிந்தால் யாரோ பேசுகிறார்கள். மினுங்கினால் யாரோ காத்திருக்கிறார்கள்.

போன் மாட்ட வந்தவன் ஜாபர். கோலசிலாங்கூர் டவுனில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவன். அவளை அக்கா என்பான். மலாயும் ஆங்கிலமும் கம்பெனி பதிவிலேயே வந்துவிட்டன, தமிழுக்கு ஆள் வேண்டும் என்றான். ஸ்டோர் அறைக்குள், உர மூட்டைகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு, கங்கா திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிவு செய்தாள். ‘அழுத்தவும்’ என்பதில் அவளுக்கு ழகரம் சரியாக விழவில்லை என்று அவளே மறுபடி கேட்டு வாங்கிச் சொன்னாள். அன்று மத்தியானம் புருஷனுக்குப் போன் போட்டு, ஆபீஸ் நம்பருக்கு அடிங்க, நான் பேசுறதக் கேளுங்க என்றாள்.

அவள் ஸ்டோரில் ‘அழுத்தவும்’ சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே நடந்ததை அவள் கேட்கவில்லை. ஜாபர் ஆபீஸ் மேனேஜர் சிவநேசனிடம், நாலுக்கு எந்த மேசை பாஸ் என்று கேட்டிருக்கிறான். எந்த மேசையும் வேண்டாம், பாட்டை வை என்று பதில் வந்திருக்கிறது.

3

மாதவியைச் சண்டையில் நான் ஒரு வாக்கியமாகத்தான் கேட்டேன். ‘அந்த மனுஷி.’ அவ்வளவுதான். அந்த வாக்கியம் என்னைச் சாப்பிட விடவில்லை. யார் பாட்டிடம் பேசுவார்கள்?

யோசித்துப் பார்த்தால், தோட்டத்து ஆள் பேசும்.*

தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி லயத்தில் இருக்கும் மாதவி போனைப் போடுகிறாள். மறுபக்கம் கங்காவின் குரல் வணக்கம் என்கிறது. மாதவி பதிலுக்கு வணக்கம் சொல்கிறாள். நல்லா இருக்கியா கங்கா என்கிறாள். கங்கா ஒன்று இரண்டு என்று ஏதோ சொல்லி, நாலை அமுக்கச் சொல்கிறாள். அமுக்குகிறாள். பாட்டு வருகிறது. ஆபீசில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள், கங்கா கிராணியைக் கூப்பிடப் போயிருக்கிறது, இல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறது என்று மாதவி நினைக்கிறாள். லயம், வீடு, புருஷன் பெயர் சொல்லித் தொடங்குகிறாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டு உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. அது வளைந்து நிற்பது முருகையாவின் கட்டிலுக்கு நேர் மேலே. முருகையா அவள் புருஷன், பழ லோரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவர். கட்டிலை நகர்த்த அந்த வீட்டில் வேறு அறை இல்லை. மாதவி கடையிலிருந்து ஒரு மரம் வாங்கி முட்டுக் கொடுத்தாள். லயம் இடிக்கப் போகிற கட்டடம், அனுமதியில்லாமல் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்று தோட்டத்துக் காவல்காரர் அந்த முட்டுமரத்தை எடுத்துப் போனார். இடிப்பது எப்போது? தெரியாது. புது வீடு எப்போது? தெரியாது. அனுமதி யாரிடம் வாங்குவது? ஆபீசுக்குப் போன் பண்ணு.

(ஒரு நிமிடம். முட்டுமரத்தை எடுத்துப் போன காவல்காரரை நான் கற்பனை செய்தேன். ஆனால் எழுதும்போது ஒரு சொல்லையும் தேட வேண்டியிருக்கவில்லை. தேடாமலே வந்ததால் இது எங்கேயோ நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.)

* வெளியூர் வாசகருக்கு: தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. குறை இருந்தால் அங்கேதான் சொல்ல வேண்டும். வேலை வாங்கும் மண்டோர் முகத்தைப் பார்க்க மாட்டார், கணக்கெழுதும் கிராணி தலையைத் தூக்க மாட்டார். ஆனாலும் லயம், பெயர் சொல்லி, விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிப்பார்கள். பதில் வராவிட்டாலும் கேட்டுக்கொண்டதாகத்தான் அர்த்தம். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பழக்கிவிட்டு, இப்போது அதே ஆட்களிடம் பாட்டைக் கொடுத்தால் அவர்கள் பாட்டிடம் சொல்லாமல் என்ன செய்வார்கள்?

4

கங்காவின் போனில் ஓரத்து விளக்கு ஒன்று மினுங்கும், அணையும். மறுபடி மினுங்கும். ஒருபோதும் நிலையாக எரிந்ததில்லை. கோளாறு என்று நினைத்து ஜாபரைக் கூப்பிட்டாள். அவன் எந்த விளக்கு என்று கேட்டான். பிறகு சொன்னான்: “கோளாறு இல்லக்கா. அதுக்குப் பின்னால போனே கெடயாது. பாஸ் வேணாம்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.”

மினுங்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் அவள் உள்ளே போகலாம் என்பதையும் சொல்லிக் கொடுத்தான். அழுத்தினாள். மாதவியின் குரல் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. கரையான், கட்டில், முட்டு, எல்லாம் வரிசையாக, நேற்றும் சொன்னது மாதிரி. கங்கா வாயைத் திறப்பதற்குள், “சரி கங்கா, நீ வேலையா இருப்ப, நாளைக்கு மீதியச் சொல்றேன்” என்று மாதவி வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டாள் கங்கா. என்ன சொல்வது என்று தெரியாமல், சாரிடம் சொல்கிறேன் அக்கா என்றாள். அதற்கு மாதவி, தினமும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன், நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த என்றாள். அந்த இடத்தில்தான் கங்காவுக்குக் காது சுட்டது. மாதவி குற்றமாகச் சொல்லவில்லை. நம்பிக்கையாகச் சொன்னாள்.

5

சிவநேசனை எழுதுவதில் எனக்குத் தகராறு.

முதலில் அவனுக்கு ஒரு தங்க மோதிரம் போட்டேன், தொப்பையும் வைத்தேன். கழற்றிவிட்டேன். மெலிந்த ஆளாகவே இருக்கட்டும். பிறகு அவனை லயத்தில் பிறந்தவனாக்கி, ‘தான் பிறந்த கூரையையே மறந்த—’ என்று தொடங்கினேன். அதையும் விட்டுவிட்டேன். செரண்டா டவுனில் பிறந்திருந்தால் மட்டும் இது சரியாகிவிடுமா? எந்தக் கூரையின் கீழ் பிறந்தாலும் கூரை விழும் என்று தெரியுமே.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கங்கா அறைக்குள் வந்து சொன்னபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். பொறுமையாக விளக்கினான். லயம் விஷயம் தலைமை ஆபீஸ் விஷயம். இங்கே ஒருவர் போனை எடுத்துக் கேட்டுவிட்டால், ஆபீசுக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரிந்தால் செய்ய வேண்டும். செய்ய உத்தரவு இல்லை.

“எடுத்தா பொறுப்பு, கங்கா. எடுக்கலன்னா பிஸி. அவ்வளவுதான் வித்தியாசம்.”

இந்த வரியை நான் சண்டையில் கேட்கவில்லை. நானே எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். இவ்வளவு சுலபமாக எனக்கு வந்துவிட்டதே.

அப்படியானால் நாலை எடுத்துவிடுங்கள் என்றாள் கங்கா. புகார் எண் இருக்க வேண்டும் என்பது தலைமை ஆபீஸ் உத்தரவு என்றான். அப்படியானால் ஒரு போன் வையுங்கள் என்றாள். அதற்கு உத்தரவு இல்லை என்றான். அப்படியானால் என் குரலையாவது எடுங்கள் என்றாள். தமிழில் மெனு வைத்ததற்கு மேலிடத்தில் பாராட்டியிருக்கிறார்கள் என்றான்.

அப்போது வெளியே அவள் மேசையில் ஓரத்து விளக்கு மினுங்கியது. மாதவிதான் என்று நினைத்து, அவன் காதாலேயே கேட்கட்டும் என்று ஓடிப்போய் ஸ்பீக்கரில் போட்டாள். அவனும் பின்னாலேயே வந்தான். அங்கிருந்து தொடங்கியதுதான் முதல் பக்கத்துச் சண்டை. அந்த அழைப்பு மாதவி இல்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்ட கிழவி. ஹலோ ஹலோ என்று நான் கத்த, இருவரும் என் தலைக்கு மேலே பேச, சிவநேசன் கையை நீட்டி என்னைத் துண்டித்தான்.

என் கதையில் என்னையே துண்டித்துவிட்டான் பாருங்கள்.

6

முடிவு.

‘சிவநேசன் காரை நிறுத்திவிட்டு, மழையில் நனைந்தபடி கடைசி லயத்தை நோக்கி—’

ஏன் நனைய வேண்டும்? காரில் குடை இல்லையா அவனிடம்? மேனேஜர் திருந்தினால் உங்களுக்கு நிம்மதி. புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்கள். நாலில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

‘உத்தரம் முறிந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள்—’

மாட்டேன். உத்தரம் விழுந்தால்தான் கண்ணில் தண்ணீர் வரும் என்றால் அது உங்கள் கண்ணின் கோளாறு. கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக முருகையாவை நான் நசுக்க மாட்டேன்.

‘கங்கா ராஜினாமா செய்துவிட்டு நிமிர்ந்து நடந்து—’

இது எனக்கும் பிடித்திருந்தது. ஒரு பக்கம் எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அவள் போய்விடுவாள், அவள் குரல் அங்கேயே இருக்கும். நன்றி, நான்கை அழுத்தவும், நன்றி. வேலையை விட்டுப் போன பெண்ணின் குரல் தினமும் ஆட்களைக் கூப்பிட்டுப் பாட்டிடம் அனுப்பிக்கொண்டிருக்கும். அவள் இருந்துதான் ஆக வேண்டும்.

ஆகவே இப்படி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, தொழுகைக்காக நீளமாக விடும் சாப்பாட்டு நேரம். ஆபீசில் கங்கா மட்டும். காதில் போன், மறுமுனையில் தொழுகை முடிந்து வந்த ஜாபர்.

“அக்கா, நாலுக்கு வர்ற போன் கோல வேற நம்பருக்குத் திருப்பி விடலாம். நான் சொல்ற வரிசையில அமுக்குங்க. பாஸ் கேட்டா?”

“கேட்டா நான்தான் பண்ணேன்னு சொல்லு. என் குரல்தானே.”

அவன் சொல்லச் சொல்ல அமுக்கினாள். பீப் சத்தம் வந்தது. இப்போ திருப்ப வேண்டிய நம்பரப் போடுங்க என்றான்.

அங்கே அவள் விரல் நிற்கிறது. எந்த நம்பர்?

சிவநேசனுடையதைப் போட்டால், ஒரு தடவை எடுப்பான், மறு தடவை அணைத்து வைத்துவிடுவான். தலைமை ஆபீசுடையதைப் போட்டால், அங்கேயும் ஒரு நாலு இருக்கும், அதிலும் ஒரு பாட்டு இருக்கும். அவளுடையதைப் போடலாம், ஆனால் மாதவி சொல்வது அவளுக்கு ஏற்கெனவே தெரியுமே, அவளால் செய்ய முடிந்தது மேனேஜர் அறைவரை போய்த் திரும்பியதுதான். என்னுடையதைப் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் கதை எழுதுகிறவள். கேட்பேன், உச்சுக் கொட்டுவேன், எழுதிவிடுவேன். அதைத்தான் இத்தனை நேரமாகச் செய்திருக்கிறேன்.

அதனால் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன். மரியாதைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாதவியிடம் யார் கேட்டார்கள்?

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசி லயத்தில் மாதவி போனை எடுக்கிறாள். கங்காவின் குரல் வணக்கம் சொல்கிறது, இவளும் சொல்கிறாள். நாலை அழுத்துகிறாள். பாட்டு வரவில்லை. மணி அடிக்கிறது, எங்கோ ஒரு வீட்டில். நீங்கள் எடுக்கிறீர்கள்.

“கங்கா, கடைசி லயம் மாதவி பேசுறேன், முருகையா சம்சாரம். இன்னைக்குப் பாட்டு இல்ல, நல்லதாப் போச்சு. உத்தரம் என்னமோ சத்தம் போடுதும்மா. நீ வைக்காத, இரு, போன மேல தூக்கிப் பிடிக்கிறேன். கேக்குதா?”