எட்டுப் பொத்தான் வாய்

கிட்டே வாருங்கள், செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒருத்தியின் வாய் பெட்டிக்குள் போன கதையை இன்று சொல்கிறேன். கொஞ்சம் கொடுமையான கதைதான். அதனால்தான் எட்ட உட்கார்ந்து கேட்க வேண்டாம் என்கிறேன்.

ஒரு வீட்டில் ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் காஜா அடித்தவள். பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றித் தைக்கிறார்களே, அதுதான் காஜா. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. காது கேட்கும், புத்தியும் தெளிவு. ஆனால் எழுதுகிற கை செத்துவிட்டது. இடக்கை நகரும், ஆனால் ஒரு சாணுக்கு ஒரு யுகம். தலையோ ஓயாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்றாலும் அதே ஆட்டம்தான், இல்லை என்றாலும் அதே ஆட்டம்தான்.

புருஷன், மின்சார மீட்டரைப் பார்த்து எழுதிப் போகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் மீட்டர்காரர் என்றால் தெரியும். அவருக்குக் குட்டிக் கம்ப்யூட்டர் பித்து. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்குப் பச்சைத் தகடு, விலை ஒரு ஜோடி செருப்பைத் தாண்டாது. பழைய டிவியில் மாட்டினால் திரை கிடைத்துவிடும், செல்போன் சார்ஜரைச் செருகினால் உயிர் வந்துவிடும். நகத்தளவு கார்டு ஒன்றில் அதற்குத் தெரிந்த அத்தனையும் அடங்கிவிடும். புகைந்து போனால்கூட ஒப்பாரி வைக்கத் தேவையில்லை, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷம் ஊரான் வீட்டுச் சுவரில் ஓடுகிற எண்ணையே பார்த்து எழுதிய மனுஷனுக்கு, தான் சொன்னபடி ஒரு விளக்கு எரிந்து அணைவது லேசுப்பட்ட விஷயமா? முதல் விளக்கு மினுக்கிய அன்று பச்சைப்பிள்ளை மாதிரி குதித்தார். காஜாக்காவும் அன்று கைதட்டினாள், அப்போது அவளுக்கு இரண்டு கையும் இருந்தது.

வீட்டில் எட்டுத் தகடு சேர்ந்துவிட்டது. ஒன்று செடிக்குத் தண்ணீர் விட்டது. ஒன்று கதவு திறந்தால் "யாரு?" என்று கேட்டது. ஒன்று ஜன்னலில் புறா வந்தால் படம் எடுத்தது. பூனை வந்தாலும் புறா என்றே குறித்துவைத்தது.

ஒன்பதாவதைப் பெண்டாட்டிக்காக வாங்கினார்.

"கவலைப்படாதம்மா, உனக்கு ஒரு வாய் செஞ்சு தரேன்" என்றார். கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார், பொய் சொல்லவில்லை.

அழைப்புமணிப் பொத்தான்கள் எட்டு பரணில் கிடந்தன. அவற்றை ஒரு பலகையில் பதித்து, தகடும் ஸ்பீக்கரும் வைத்த ஒரு பெட்டியோடு ஒயரால் இணைத்தார். அழுத்தினால் பெட்டி பேசும், பொத்தானுக்கு ஒரு வார்த்தை. தாளில் எழுதித் தன் அக்காவிடம் படித்துக் காட்டினார்: தண்ணி, பசிக்குது, வலிக்குது, திருப்பிப் படுக்க வை, குளிருது, சரி, போதும், வேண்டாம்.

அந்த நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தாள், உதவிக்கென்று வந்தவள். பேனாவை வாங்கிக் கடைசி வார்த்தையைக் கிழிக்கிற மாதிரி அடித்தாள்.

"படுத்துக் கிடக்கறவளுக்கு வேண்டாம்னு சொல்ல என்னடா இருக்கு தம்பி? நன்றின்னு போடு. இத்தனை வருஷத்துல அவ வாயில அது வந்ததே இல்ல, மெஷின்லயாவது வரட்டும்."

மீட்டர்காரர் சிரித்தார். எட்டுப் பொத்தான்தானே இருந்தது.

"அப்புறம், ஆம்பளைக் குரல்ல அவ பேசினா நல்லாவா இருக்கும்? குடு, நான் பேசித் தரேன்."

அப்படித்தான் காஜாக்கா முப்பது வருஷமாக எந்தக் குரலுக்குப் பயந்து அடுக்களையில் ஒதுங்கி நின்றாளோ, அந்தக் குரலே அவளுக்கு வாயாக வந்து சேர்ந்தது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இல்லாத "வேண்டாம்" என்ற வார்த்தைக்குப் பதிலாக "போதும்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சிக் கரண்டி முதல் தடவை வாய்க்கு வரும்போதே "போதும்." டிவி போட்டால் "போதும்." ஒரு நாள் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து ஊர்வம்பு அளந்துகொண்டிருந்தாள். காஜாக்காவின் விரல் ஊர்ந்து ஊர்ந்து போய் அழுத்தியது. நாத்தனாருக்கு அவள் குரலே "போதும்" என்று சொல்லி வாயை அடைத்தது. அன்று முழுக்க காஜாக்காவின் இடக்கண் சிரித்தது.

பித்தர்கள் கூட்டம் ஒன்று உண்டே, மீட்டர்காரரைப் போல வீட்டிலேயே தகடும் கம்பியும் வைத்து விளையாடுகிறவர்கள், அதில் நாலு பேர் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். அவர் வரிசையாக அழுத்திக் காட்டினார். "வலிக்குது" என்றது பெட்டி. "அட, எவ்வளவு துல்லியம்!" என்றார் ஒருவர். இன்னொருவர் தானும் அழுத்தினார். வலிக்குது, வலிக்குது. எல்லோரும் கைதட்டினார்கள். கட்டிலில் கிடந்தவளை யாரும் பார்க்கவில்லை, பெட்டி அவ்வளவு அழகு.

மறுநாள் அவளுக்கு நிஜமாகவே வலித்தது. இடுப்புக்குக் கீழே புண் வைத்திருந்தது. விரலைப் பொத்தான்மேலேயே வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தாள். வலிக்குது, வலிக்குது, வலிக்குது. மீட்டர்காரர் ஓடிவந்தார். போர்வையை விலக்கவில்லை, பலகையைத் திருப்பினார்.

"பொத்தான் துள்ளுது. ஒரு தடவை அழுத்தினா உள்ள பத்து தடவை தொட்டுடும். எல்லாருக்கும் வர்ற பிரச்சினைதான், நாலு வரி எழுதினா சரியாயிடும்."

எழுதினார். இனி ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்தினால், அடுத்த பத்து நிமிஷத்துக்கு அந்தப் பொத்தான் ஊமை. வீடு அமைதியானது. புண்ணை இரண்டு நாள் கழித்து நாற்றம்தான் சொன்னது.

"உன்னால முடியாதுடா தம்பி" என்றாள் நாத்தனார். "காப்பகத்துல விடு. இந்த அறை உன் மேசைக்கு ஆகும். நானும் இங்கயே வந்துடறேன், உனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"

அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காப்பகத்துக்குப் போன் போட்டார்.

காஜாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் சம்பளத்திலும் கட்டிய வீடு. கூரையில் எந்த இடத்தில் விரிசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், சொல்ல முடிந்தால்.

காப்பகத்து அம்மா வந்தார். நல்ல மனுஷி. "அவங்களே சொன்னாத்தான் சேர்த்துப்போம், அது எங்க விதி" என்றார்.

மீட்டர்காரர் பெருமையோடு பெட்டியைத் தட்டினார். "அவ வாய் இதோ இருக்கு. கேளுங்க."

காப்பகத்து அம்மா கட்டிலருகே குனிந்து, "அம்மா, அங்க ஜன்னலோரமாக் கட்டில் தருவோம்…" என்று ஆரம்பித்தார்.

காஜாக்கா காத்திருக்கவில்லை. அப்போதே விரலை அனுப்பிவிட்டாள். போதும், நிறுத்து, என் வீட்டை விட்டு வரமாட்டேன். அவளுக்கு அதெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தை. விரல் தண்ணியைத் தாண்டியது, பசியைத் தாண்டியது.

"…கூட மூணு பேர் இருப்பாங்க, வேளைக்குச் சாப்பாடு, உடம்பு துடைச்சுவிட ஆள் உண்டு…"

விரல் குளிரைத் தாண்டியது, சரியைத் தாண்டியது.

"…ராத்திரிக்கும் ஒரு நர்ஸ். இது உங்களுக்குப் போதுமாம்மா?"

கேள்வி காதில் விழுந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தக் கைக்குப் புறப்படத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. விரல் விழுந்தது.

"போதும்" என்றது பெட்டி, நாத்தனாரின் இனிப்பான குரலில்.

"அப்பாடா" என்றார் காப்பகத்து அம்மா.

காஜாக்கா மறுபடி அழுத்தினாள். ஊமை. குத்தினாள். ஊமை. பக்கத்தில் இருந்ததெல்லாம் சரியும் நன்றியும்தான், அதனால் கையை இழுத்து இழுத்து "வலிக்குது" வரைக்கும் கொண்டுபோனாள்.

"வலிக்குது."

காப்பகத்து அம்மா முகத்தைச் சுருக்கினார். "என்ன சொல்றாங்க?"

"இங்க கிடந்து கஷ்டப்படறத சொல்றா" என்ற நாத்தனார், எட்டித் தன் விரலாலேயே கடைசிப் பொத்தானை அழுத்தினாள். "நன்றி" என்றது பெட்டி. காப்பகத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

காஜாக்காவின் தலை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் காப்பகத்து அம்மாவும் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை வண்டி வந்தது. வீட்டில் செய்த ஒயர்ப்பெட்டி எதையும் காப்பகத்தில் கட்டிலருகே விடமாட்டார்களாம், அதனால் பெட்டி இங்கேயே. இரண்டு ஆட்கள் காஜாக்காவைப் போர்வையோடு ஒரே தூக்காகத் தூக்கித் தூக்குப்படுக்கையில் போட்டார்கள்.

"சார், கூட வர்றீங்களா?" என்றான் வண்டிக்காரன்.

"ரெண்டே நிமிஷம்ப்பா" என்றார் மீட்டர்காரர். பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தார். "இத முறையா மூடணும். சட்டுனு புடுங்கினா உள்ள இருக்கறதெல்லாம் கெட்டுடும்."

வாசலைத் தாண்டும்போது காஜாக்கா பார்த்தது அவர் முதுகைத்தான். சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அது தானாக ஓயும்வரை, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாதவர் போல, சார்ஜர் ஒயரை இரண்டு விரலால் பிடித்தபடி காத்திருந்தார். விளக்கு அணைந்தது. பூப்போல உருவினார். நிமிர்ந்தபோது வண்டி தெருமுனை திரும்பியிருந்தது.

அவ்வளவுதான், செல்லங்களே. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவில்லாமல் எரியட்டும். உங்கள் வீட்டில் யார் படுத்தாலும் அவர்கள் பக்கம் முகம் திருப்பி உட்கார ஓர் ஆள் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொருத்தருக்கும் தெம்பும், அதைக் கேட்டு நிற்கிற மனசும் மற்றவர்களுக்கு என்றைக்கும் இருக்கட்டும்.