மூன்றாவது கிழங்கு

அந்தச் சனிக்கிழமையும் கக்வாயா கையில் உருளைக்கிழங்கோடுதான் நின்றான். முசான்சே ஊர் பெட்ரோல் பங்க்கில், காலை ஆறு மணிக்கு, சைக்கிள் கிளப்பின் கேப்டன் என்ற பெரிய பதவியில் இருக்கிறவன் செய்கிற வேலை: கிழங்கைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. செபாஹிரே வந்து சேர்ந்ததும் அதைத் தன் சட்டையின் முதுகுப் பைக்குள் போட்டுத் தட்டிக் கொடுத்தான்.

"வா டாக்ஸி. இந்தத் தடவை பெருசா பார்த்துப் பொறுக்கியிருக்கேன். போன ரெண்டும் சின்னதுன்னு உன் பொண்டாட்டி குறைப்பட்டாளாமே."

நீலச் சட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். செபாஹிரே சிரிக்கவில்லை. அவன் வீட்டுக்காரி முகஷேமா குறைப்பட்டது உண்மைதான். அது கக்வாயாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த வழக்கமோ தெரியாது. கிளப்பில் சேர வருகிறவனுக்கு மூன்று சனிக்கிழமை கொடுப்பார்கள். கக்கெங்கே ஊர் வரை கூட்டத்தோடு இறங்கிப் போய், திரும்பி, புரங்கா மலை ஏற்றத்தில் ஏறி, உச்சியில் நிற்கும் யூகலிப்டஸ் மரம் வரை கூட்டத்திலிருந்து கழன்றுபோகாமல் வந்து சேர வேண்டும். மூன்றில் ஒரு தடவை வந்துவிட்டாலும் நீலச் சட்டை உண்டு. கழன்றுபோனால் எல்லார் முன்னாலும் கையில் ஒரு பச்சைக் கிழங்கைக் கொடுப்பார்கள். நீ சைக்கிள்காரன் இல்லை, கிழங்கு மூட்டை என்று அர்த்தம். மூன்றாவது கிழங்கு வாங்கினவன் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

செபாஹிரே இரண்டு வாங்கியாகிவிட்டது.

அவன் பதினெட்டு வருஷமாக மார்க்கெட் ஸ்டாண்டில் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன். கேரியரில் மெத்தை கட்டி, ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மிதித்து மிதித்தே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் அவன் முதுகோடுதான் பேசுவார்கள். மெதுவாப் போ. சீக்கிரம் போ. குழியப் பார்த்துப் போ. பின்னால் ஒரு பயலும் இல்லாமல், தன் வேகத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசையில்தான் கிளப்புக்கு வந்தான். வந்த இடத்தில் எட்டுப் பேருடைய வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

சும்மா வந்திருந்தால் சும்மாவே போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு இருந்தானா? "இந்த மாசம் முடியறதுக்குள்ள நீலச் சட்டையோட வந்து நிக்கலேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்கடா" என்று ஸ்டாண்டில் இருபது பேருக்கு நடுவில் சொல்லித் தொலைத்துவிட்டான். அவர்கள் பேரைத் தேடக்கூட இல்லை. கிழங்கு என்று இப்போதே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்கும் தோற்றால் சாகிற வரைக்கும் அதுதான் பேர்.

"கிளம்பலாம்" என்றான் கக்வாயா. "டாக்ஸி, மீட்டர் போட்டாச்சா?"

ஊரைத் தாண்டியதும் வரிசை நீண்டது. இந்தக் கிளப்காரர்கள் ஒருவன் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு போவார்கள். முதலில் போகிறவன் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வான், மற்றவர்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். முறை வைத்து ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். செபாஹிரே தனக்கு முன்னால் போன சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடைவெளி ஒரு சாண். அது ஒரு முழம் ஆனால் போச்சு; முழம் ஆனது பத்தடி ஆகும், பத்தடி ஆனது கிழங்கு ஆகும். கிளப் கொடுத்த இரவல் சைக்கிள் காகிதம் போல லேசாக இருந்தது. கால்தான் கனத்தது.

முதல் சனிக்கிழமை அவன் கெட்டது இந்த வரிசையில்தான். அவன் முறை வந்து முன்னால் போனதும், மெதுவாகப் போகிறான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்று பேய் பிடித்தவன் மாதிரி மிதித்தான். வரிசையே பிய்ந்துபோனது. புரங்கா அடிவாரத்துக்கு வரும்போது அவன் கால்களில் ஒன்றும் மிச்சமில்லை. கிழங்கை வாங்கிக்கொண்டு நின்றவனிடம் தாதிவ்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளும் கிளப்காரிதான், ஆஸ்பத்திரி நர்ஸ். நாக்கில் தேனெல்லாம் கிடையாது.

"யோவ், முன்னாடி வந்தா வேகத்தக் கூட்டக் கூடாது. இருக்கற வேகத்தப் புடிச்சு வைக்கணும். இதுகூடவா தெரியாம வந்த?"

"யாரும் சொல்லலியேம்மா."

"கேப்டன் சொல்லியிருக்கணும்." அவள் கக்வாயாவைப் பார்த்தாள். அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் செபாஹிரேவுக்கு இன்னமும் காது சுடும். சைக்கிள் டாக்ஸிக்காரனுக்கு ஏற்றத்தில் ஒரு வழி உண்டு. ரோட்டின் வலது ஓரமாகப் போகிற சைக்கிளுக்குப் பக்கத்தில் பாரம் ஏற்றின லாரி முக்கிக்கொண்டு ஏறும். இடது கையை நீட்டி அதன் பின்பலகைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் போதும், உச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். போலீஸ் பிடித்தால் சைக்கிள் போய்விடும். கை நழுவினால் உயிர் போய்விடும். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பிடிக்கிறார்கள். அன்றைக்கு அவன் கழன்றுகூடப் போகவில்லை. மூச்சிரைத்தாலும் கூட்டத்தோடுதான் ஏறினான். ஒரு லாரி பக்கத்தில் வந்தது. கை போய்விட்டது. அவனைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டான், ஆனால் கக்வாயா பார்த்துவிட்டான்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா. சொன்னேன்ல. இவனுங்க புத்தி லாரி பின்னாடிதான் போகும்" என்று அவன் குதித்த குதியை முசான்சேயே கேட்டிருக்கும். "நாங்கல்லாம் அப்படிப் பழகலப்பா." இரண்டாவது கிழங்கு அதற்குத்தான்.

அதனால் இந்த வாரம் செபாஹிரே கால்களை மட்டும் பழக்கவில்லை. ஸ்டாண்டிலேயே பருமனான சவாரி மாவுக்கடைக்காரர்தான். அவரை ஏற்றிக்கொண்டு தினமும் மேட்டுத் தெருவில் விரட்டு விரட்டென்று விரட்டினான். "எனக்கென்ன பிரசவ வலியாடா, இப்படி ஓட்டற?" என்று அவர் கத்தினார். கால் தேறிவிட்டது. கையைத்தான் நம்ப முடியவில்லை. அந்தக் கைக்கு மருந்தாக ஒரு ரப்பர் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பழைய டியூபில் கிழித்தது, மூட்டை கட்டுகிற பட்டை.

கக்கெங்கேயில் எல்லாரும் தண்ணீர் குடிக்க நின்றபோது அவன் ஒரு சுவரோரம் ஒதுங்கினான். இடது மணிக்கட்டை சைக்கிள் கைப்பிடியோடு சேர்த்து, வலது கையாலும் பல்லாலும் இழுத்து இறுக்கிக் கட்டினான். டாக்ஸிக்காரர்கள் மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சு; வேறு ஆளுக்கு அவிழ்க்க வராது. மேலே ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டான். அந்தக் கையால் இனி பிரேக் பிடிக்க முடியாது; ஏற்றத்தில் பிரேக் எதற்கு.

அடிவாரத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கக்வாயா மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு இவன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

"நீங்க போங்க. நம்ம டாக்ஸியை நான் பத்திரமா பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? பக்கத்திலேயே வருவான், ஆனால் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் வைத்திருப்பான். நீ எட்டிப் பிடித்தால் இன்னும் அரைச் சக்கரம் முன்னால் போவான். இப்படியே உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடலாம், ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. செபாஹிரேவுக்கு அந்த அரைச் சக்கரத்தின் மேல் வந்த வெறுப்பு சாதாரண வெறுப்பு இல்லை.

"எதுக்குய்யா உனக்கு இந்த வம்பு?" என்றான் கக்வாயா. "வயசாச்சு. ஸ்டாண்டுல உக்காந்து நாலு சவாரி பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்க வேண்டியதுதான?"

"இருக்கலாம்."

"பின்ன?"

"நீங்க சொல்லி நான் எதுக்கு இருக்கணும்?"

"நீலச் சட்டை போட்டா ஆள் மாறிடுமா? உங்கள மாதிரி ஆளுங்களால கிளப்புக்கே கேவலம். ரோட்ல எவனாவது லாரியப் புடிச்சுத் தொங்கினா போலீஸ்காரன் எங்களையும் சேர்த்துத்தான் பார்க்கறான்."

செபாஹிரே குனிந்து மிதித்தான். பதில் சொல்ல மூச்சு வேண்டும். முன்னால் போன ஏழு பேரும் பனிக்குள் போய்விட்டார்கள். தாதிவின் குரல் மட்டும் எங்கோ மேலே கேட்டது. பின்தங்கிவிட்டேனா? எவ்வளவு தூரம்? ஐம்பதடியா, ஐந்நூறு அடியா? பக்கத்தில் இருக்கிற இந்தப் பாவியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்று மிதித்தான். ஒன்று கவனித்தான்: கக்வாயாவுக்கும் மூச்சு வாங்கியது. பேச்சு நின்றுபோய்விட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சிமெண்ட் லாரி. முதல் கியரில் முனகிக்கொண்டு, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட வேகத்தில். இடது பக்கமாக ஒட்டி வந்து மெல்ல அவர்களைத் தாண்டியது. பின்பலகைச் சங்கிலி ஆடியது.

செபாஹிரேவின் இடது கை துள்ளியது. ரப்பர் பட்டை அதைக் கவ்வி இழுத்து நிறுத்தியது. வலித்தது. நல்லா வலி, நாயே, என்று கையைத் திட்டினான்.

ஆனாலும் ஒரு கை போனது. நீலச் சட்டைக் கை. தடவித் தேடாமல், பார்க்கக்கூட இல்லாமல், சங்கிலியின் மூன்றாவது கண்ணியில் சரியாகப் போய் விழுந்தது. இழுப்பு வருவதற்கு முன்னாலேயே உடம்பு வலது பக்கம் சாய்ந்து கொடுத்தது. புதிதாகப் பிடிக்கிறவன் அப்படிச் சாயமாட்டான், விழுந்து பல்லை உடைத்துக்கொள்வான். அந்தச் சாய்வு வருவதற்கு வருஷக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும்.

இருபது அடி போன பிறகுதான் கக்வாயாவுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. சுட்டதைப் போட்டமாதிரி விட்டான். திரும்பிப் பார்த்தான். செபாஹிரே அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரி போய்விட்டது. செபாஹிரே மிதித்தான். அந்த இருபதடியை அவன் காலால் கடக்கவில்லை, ஆத்திரத்தால் கடந்தான். பக்கத்தில் வந்ததும் கக்வாயா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ ஒண்ணும் பார்க்கல."

"பார்த்தேன்."

"உன்ன எவன் நம்புவான், டாக்ஸி?"

கடைசி வளைவில் பனி விலகியது. மரத்தடியில் ஏழு பேரும் அப்போதுதான் வந்து நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கோட்டில் போய் நின்றார்கள். அரைச் சக்கரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ந்தோலி என்கிற இளவட்டம் எட்டிப் பார்த்துக் கத்தினான். "கேப்டன், மேலேருந்து பார்த்தோம். பனியில ஆள் யாருன்னு தெரியல, ஆனா லாரி பின்னாடி ஒரு கை தொங்குச்சு."

கக்வாயா இறங்கினான். முதுகுப் பையிலிருந்து கிழங்கை எடுத்தான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அந்த மனுஷன்.

"வேற யாரு கையா இருக்கும்?" என்று கிழங்கை நீட்டினான். "மூணாவது. அந்தச் சைக்கிள இங்கயே வெச்சுட்டு, பஸ் புடிச்சு வீட்டுக்குப் போ."

செபாஹிரே வலது கையால் ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டான்.

ரப்பர் பட்டை மணிக்கட்டில் நாலு சுற்று சுற்றியிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. தாதிவ்தான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"பைத்தியக்காரா. எப்ப கட்டின இத?"

"கக்கெங்கேல. இதைக் கட்டிக்கிட்டு லாரியப் புடிக்க முடியுமான்னு கேப்டனக் கேளும்மா."

ஒரு தலை திரும்பியது, அப்புறம் எல்லாத் தலைகளும். கக்வாயாவின் இடது உள்ளங்கையில் கறுப்பாக லாரி மசகு. அவன் அதைத் தொடையில் துடைத்தான். அதைத் துடைக்காமலாவது இருந்திருக்கலாம்.

"முதல்ல இத அவிழ்க்கணும், ரத்தம் ஓடல" என்று தாதிவ் முடிச்சோடு மல்லுக்கட்டினாள். இழுக்க இழுக்க இறுகியது. ந்தோலி கத்தி தேடினான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எப்படி அவிழ்ப்பதென்று செபாஹிரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. கக்வாயாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கக்வாயாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "விலகு" என்று தாதிவைத் தள்ளிவிட்டு, நாலு சுற்றுக்கு அடியில் ஒளிந்திருந்த முனையை இரண்டு விரலால் பிடித்து, கீழ்நோக்கி ஒரே சுண்டு சுண்டினான். முடிச்சு மொத்தமும் கழன்று கையோடு வந்தது.

"எந்த ஸ்டாண்டு?" என்றான் செபாஹிரே.

கக்வாயா பட்டையைக் கையில் சுருட்டினான். "ருவமகானா ஊருல. பஸ் நிலையம். ஆறு வருஷம்."

செபாஹிரேவுக்கு அவன்மேல் இரக்கம் வரும் என்று யாராவது நினைத்தால் அது அவரவர் நல்ல மனசு. அவனுக்கு வெறுப்பு இரண்டு மடங்காகத்தான் வந்தது. வேறு தொழில்காரன் நம்மை மிதித்தால் ஒரு மாதிரி. தன்னைப் போலவே மெத்தை கட்டி மிதித்தவன், அதே லாரியைப் பிடித்தவன், டாக்ஸி டாக்ஸி என்று மூன்று வாரம் காறித் துப்பியிருக்கிறான்.

"கிழங்கக் குடுங்க" என்று கை நீட்டினான். கக்வாயா கொடுத்தான், ரப்பர் பட்டையையும் சேர்த்து. செபாஹிரே விரல்களை உதறி உதறி ரத்தம் ஏற்றிக்கொண்டு, கக்வாயாவின் சைக்கிள் கைப்பிடிக்கு நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், கிழங்கை வைத்துக் கட்டினான். நாலு சுற்று. அதே முடிச்சு.

"ஊர் வரைக்கும் இருக்கட்டும். அவிழ்க்கத்தான் உங்களுக்குத் தெரியுமே, கேப்டன்."

பிறகு தன் சைக்கிளில் ஏறி, யாருக்கும் காத்திருக்காமல் முசான்சேயைப் பார்த்து மிதித்தான். முதலில் தாதிவ் அவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள், அப்புறம் ந்தோலி, அப்புறம் மற்றவர்கள், எல்லாரும் அவன் வேகத்துக்கு. கடைசியாக வந்த சைக்கிளில் கிழங்கு இருந்தது, ஊர் வந்து சேரும்வரை அதை யாரும் அவிழ்க்கவில்லை.