பதினோரு ஆள், நாற்பத்து மூன்று பாட்டில்

“பாட்டிலை எண்ணட்டுமா செல்லம், ஆளை எண்ணட்டுமா?”

கம்பவுண்டர் பக்தவத்சலம் செல்லத்திடம் இப்படிக் கேட்டது ஏப்ரல் மாதத்தில். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்த புது ரிஜிஸ்தரை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். செல்லம் அந்த டிஸ்பென்சரியின் ஆயா. பெருக்குவது, பாட்டில் கழுவுவது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலை. அன்று கைநிறைய ஈரப் பாட்டில்களோடு போய்க்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதுல என்ன போட்டிருக்கோ அதையே செய்யுங்கய்யா” என்றாள். ‘வந்த ஆள்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவர் ஆளை எண்ணத் தொடங்கினார்.

அந்த ஒரு பேச்சுக்காக ஆகஸ்டு மாதத்தில் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அவர்கள் குடியிருப்பு வட அந்தமானில், திக்லிபூரிலிருந்து எட்டு மைல். காட்டை வெட்டி நிலம் கொடுத்த இடம். ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு வீடு, மேட்டுக்குப் பின்னால் பத்து வீடு என்று சிதறிக் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டால் பாதை முழுக்க அட்டை. அதனால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் யாராவது ஒருவர்தான் கிளம்புவார். அக்கம்பக்கத்துக் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு அத்தனைக்கும் பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு கிழிசல் துணி கட்டியிருக்கும். யாருக்கு என்ன செய்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, பக்தவத்சலம் மிக்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். பழைய நோட்டில் பாட்டிலுக்கு ஒரு வரி. ஐந்து வருஷம் அப்படித்தான் நடந்தது. புது ரிஜிஸ்தரில் பத்துப் பாட்டில் கொண்டு வந்தவரும் ஒரே ஆள், ஒரே வரி.

போன வருஷம் ஜூலையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரி. இந்த ஜூலையில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆகஸ்டு பிறந்ததும் கடிதம் வந்தது. ஜனங்கள் வருவது குறைந்துவிட்டபடியால் டிஸ்பென்சரியை வேறு இடத்துக்கு மாற்ற உத்தேசம். பன்னிரண்டாம் தேதி லாஞ்ச் படகில் அதிகாரி வருவார். பழைய நோட்டுகளை ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவை கழித்து எரிக்கப்படும்.

செல்லத்தின் புருஷன் குழந்தைவேலுவுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் மாதம் மூன்று தடவையாவது வாசலில் குந்தி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு காற்றுக்குத் தவிப்பார். உதடு நீலம் பாரிக்கும். பக்தவத்சலம் ஓடிவந்து ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் மூச்சு திரும்பும். அவரை விட்டால் ஊசி போட அங்கே வேறு ஆள் இல்லை; அடுத்த ஊசி திக்லிபூரில். நடுவில் ஓடை. மழை நாளில் அதைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிடும்.

“எனக்கு மட்டும் பத்து வரி போடச் சொல்லேன்,” என்றார் குழந்தைவேலு. “பத்தாளு இழுப்பு இழுக்கிறேனே.”

“மூச்சு விட வக்கில்ல, பேச்சு மட்டும் வருது,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் பக்தவத்சலத்திடம் போய் நின்றாள்.

“ஜனங்க குறையலையேய்யா. பாட்டில் அப்படியேதானே வருது? நான்தானே கழுவுறேன்?”

“நீ கழுவுறது ரிஜிஸ்தர்ல ஏறாதும்மா.”

“பழைய நோட்டுல ஏறியிருக்கே.”

“அதுதான் போகப்போகுதே. லாஞ்ச்ல ஏத்தினா கதம்.”

“அதுக்குள்ள நான் பாத்து எழுதிக்கிறேன்.”

“எழுதேன். யாரு வேணாம்னா?” என்றார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு நாள் இருந்தது. அவள் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. மதியம் டிஸ்பென்சரி சாத்தியிருக்கும் இரண்டு மணி நேரமும் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த தாள்களைக் கத்தி முதுகால் பிரித்து, ஒவ்வொரு நாளின் வரிகளையும் விரல் வைத்து எண்ணி, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதினாள். ஓரிடத்தில் ஒரு வாரம் முழுக்கக் கறையான் தின்றிருந்தது. உத்தேசமாக ஒரு எண் போட்டுவிடலாமா என்று கை துடித்தது. போடவில்லை. ‘கறையான்’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள்.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பழைய கணக்கை மட்டும் காட்டினால், அப்போது வந்தார்கள், இப்போது வரவில்லை என்றுதானே அதிகாரி சொல்வார்? கடிதத்தில் இருப்பதும் அதுதானே? ஆகவே மறுநாள் காலை கதவண்டையிலேயே நின்றுகொண்டாள். தாளின் ஒரு பக்கம் ஆளுக்குக் கோடு, மறுபக்கம் பாட்டிலுக்குக் கோடு.

ஓடைக்கு அப்பாலிருந்து வந்த வங்காளிக் கிழவர் பையைத் தூக்கிக் காட்டினார். “தீதி, சாத் போத்தல். ஜல்தி.”

அவள் ஏழு பாட்டிலையும் வெளியே எடுத்து, இது யாருக்கு, அது யாருக்கு என்று கேட்டாள்.

“க்யா தீதி, சென்சஸ் ஹோ ரஹா ஹை?” என்று, மக்கள்தொகைக் கணக்கா அக்கா எடுக்கிறாய் என்கிற மாதிரி அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். கூச்சத்தில் அவளுக்குக் காது சுட்டது. கோட்டை மட்டும் விடாமல் போட்டாள். அன்று பதினோரு ஆள், நாற்பத்து மூன்று பாட்டில். அடுத்த இரண்டு நாளும் ஏறக்குறைய அதே கதைதான்.

பதினோராம் தேதி சாயங்காலம் தாள்களைக் கொண்டுபோய்ப் பக்தவத்சலத்தின் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

“இதை அவர்கிட்ட காட்டாதே செல்லம்.”

“ஏன்யா?”

“ஆளைப் பாக்காம மருந்து குடுக்கக் கூடாதுன்னு ரூல். பதினோரு பேரைப் பாத்தேன். மீதி முப்பத்திரண்டு பாட்டிலுக்கு யாரைப் பாத்தேன்? அஞ்சு வருஷமா பாக்காமலே ஊத்தியிருக்கேன். பழைய நோட்டு எரிஞ்சா அதோட போகும். இது நின்னா என் வேலை போகும். பென்ஷனுக்கு ரெண்டே வருஷந்தான் பாக்கி.”

இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“எங்க வீட்டுக்காரரு அடுத்த மழைக்கு இருக்க மாட்டாருங்கய்யா,” என்றாள். அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளக்கைத் துடைக்கப் போனார்.

மறுநாள் அதிகாரி இராமகிருஷ்ணன் வந்தார். போர்ட் பிளேர் டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். தமிழர்தான். வந்ததும் வராததுமாகப் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையிலிருந்து அட்டையைப் பிய்த்தார். “இதுக்காகவே இந்த இடத்தை மாத்தலாம்” என்றார்.

செல்லம் தாள்களை நீட்டினாள். “ஆளு வேற, பாட்டிலு வேற சார்,” என்றாள். அவர் கேலியாகத்தான் வாங்கினார். இரண்டாம் தாளில் கேலி நின்றது. எல்லாவற்றையும் படித்து முடித்தார்.

“ஜனம் குறையல. எண்ணினதுதான் மாறியிருக்கு. சரியாத்தான்மா பிடிச்சிருக்கே,” என்றார். “ஆனா ஆயா எழுதினது ரிக்கார்டு ஆகாது. கம்பவுண்டர் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல்ல சேரும். சேந்தா டிஸ்பென்சரி இங்கேயே இருக்கும், அது என் பொறுப்பு.” பிறகு பக்தவத்சலத்தின் பக்கம் திரும்பினார். “போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். பாக்காத ஆளுக்கு யார் மருந்து குடுத்ததுன்னு நான் எழுதியாகணும். விசாரணை முடியிற வரைக்கும் நீங்க இங்க இருக்க முடியாது. என்கூட லாஞ்ச்ல வரணும்.”

“புது கம்பவுண்டரு எப்ப வருவாரு சார்?” என்றாள் செல்லம்.

“ரெண்டு மாசமாவது ஆகும்மா.”

இரண்டு மாதம். அக்டோபர். இந்த மழை முழுக்க. அவள் தன்னையறியாமல் தாள்களை நோக்கிக் கை நீட்டினாள். திருப்பி வாங்கிக்கொண்டால் இன்றைக்கு ஊசி இருக்கும், பிறகு எப்போதுமே இருக்காது. கை பாதியில் நின்றது.

பக்தவத்சலம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பழைய நோட்டுகளைத் திறந்தார். தாள் தாளாக ஒத்துப் பார்த்தார். ஓரிடத்தில் முப்பத்தொன்பதை அடித்து நாற்பது என்று எழுதினார். லாஞ்ச் ஊதியது. கறையான் தின்ற வாரத்தின் எதிரில் தன் இனிஷியலைப் போட்டார். கடைசித் தாள்வரை வந்து, ஒவ்வொன்றின் அடியிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு எழுந்து, ஊசியும் மருந்தும் இருந்த அலமாரியின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

“ஐயா,” என்றாள் செல்லம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், லாஞ்ச் நின்ற பக்கமாக மழையில் இறங்கிப் போனார்.