பாய்க்குக் கீழே எஞ்சின்

முன்னறிவித்தல் இல்லாமல் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிற பெண்ணை உசனார் ஒருநாளும் நம்பியதில்லை. சம்பந்தம் பேச முதல் மாப்பிள்ளை வீட்டார் அனுப்புகிற ஆள் அப்படித்தான் வரும். தண்ணீர் ஒரு சாட்டு. கண் வீட்டை அளக்கும்.

வந்தவள் பெயர் றிஃப்னாவாம். தொழிற்பயிற்சி அலுவலகமாம். நிஸ்ரினைப் பார்க்க வேண்டுமாம். எந்த மாப்பிள்ளை வீடுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்தது என்று உசனார் மனதுக்குள் சிரித்தார்.

அவருடைய மகள் நிஸ்ரினுக்குப் படகு எஞ்சின் என்றால் உயிர். அந்த நேரமும் கரையில் யாருடையதோ எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன முறை வந்த சம்பந்தம் அவளுடைய நகக்கண்ணில் இருந்த கறுப்பைக் கண்டுதான் முறிந்தது. சூடு கண்ட பூனை அல்லவா? தண்ணீர் எடுக்கப் போகிற சாட்டில், முற்றத்தில் அவள் திருத்தப் போட்டிருந்த எஞ்சினைப் பாயால் மூடிவிட்டு வந்தார். அது என்ன என்று றிஃப்னா கேட்டாள். உப்பு மூட்டை என்றார்.

“மகள் எஞ்சின் வேலை நல்லாச் செய்வாவாமே?”

கள்ளி, எப்படிக் கொக்கி போடுகிறாள் பார்!

“யார் சொன்ன? என்ட மகள் எஞ்சினைத் தொட்டதுமில்ல. தைப்பா, சமைப்பா, ஓதுவா.”

நீர்கொழும்பில் தங்கிப் படிப்பாளா என்று கேட்டாள். வாசற்படி தாண்ட மாட்டாள் என்றார்.

“ஒரு கஷ்டம் வந்தா என்ன செய்வா?”

“அழுவா. அழுதுபோட்டு என்னிட்ட வந்து சொல்லுவா.”

இதைவிட அடக்கமான பிள்ளை எந்த ஊரில் கிடைக்கும்? ஆனால் றிஃப்னாவின் முகம் விழுந்துபோனது. விண்ணப்பத்தில் அவ வேறமாதிரியல்லவா எழுதியிருந்தா என்று முணுமுணுத்துவிட்டு, பஸ் எடுக்கச் சந்திக்கு நடந்தாள்.

நிஸ்ரின் கறுத்த கையோடு வந்து, நடந்ததையெல்லாம் அவர் சொல்லக் கேட்டாள். விண்ணப்பம் போட்டதை உம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாளாம். எஞ்சின் படிப்புக்கு இந்தப் பக்கம் ஒரேயொரு இடமாம், அந்த மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் ஆளை எடுப்பாவாம். இனி இவள் அழப்போகிறாள் என்று உசனார் நினைத்தார்.

அவள் பாயை இழுத்து எறிந்தாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க வாப்பா.”

தள்ளுவண்டியில் எஞ்சினை ஏற்றி, ஊரே பார்க்க அவர்தான் சந்திவரை தள்ளிக்கொண்டு போனார். பஸ் இன்னும் வரவில்லை; றிஃப்னா காத்துக்கொண்டு நின்றாள். மீன்கடை வாசலில் தண்ணீர் நிறைந்து நின்ற தகரப் பரலின் விளிம்பில் எஞ்சினை மாட்டி நிஸ்ரின் கயிற்றை இழுத்தாள். அது இருமிவிட்டு அடங்கியது. கடைவாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் எஞ்சினின் மூடியைத் திறந்தாள், தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியை உருவினாள், பெற்றோல் வரும் சின்னத் துவாரத்தில் அடைத்திருந்த உப்பைக் குத்தி எடுத்தாள். நழுவிய துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். பரல் தண்ணீர் எல்லார் மேலும் தெறிக்க எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பஸ் வந்து நின்றது. றிஃப்னா ஏறவில்லை. உசனாரிடம் திரும்பினாள்.

“கஷ்டம் வந்தா அழுவா எண்டு சொன்னீங்களே?”

உசனார் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“அது நான், மிஸ்” என்றார். “அவளைக் கூட்டிக்கொண்டு போங்க.”