வைகாசி அதிரசம்

முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் கஞ்சி மாதிரி பிரிந்து நுரைத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போட்டபோது நுரை வாணலி விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்து குப்பென்று பற்றிக்கொண்டது. பின்னால் தாவிய வெற்றிச்செல்வன், வெல்லப்பாகு காய்ச்சிய அலுமினியக் குண்டானின் மேலேயே உட்கார்ந்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வருடக்கணக்காக பஜ்ஜிக் கடை வைத்திருப்பவன் என்று அப்போது யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

தப்பு அவனுடையதுதான். பாகு பதத்துக்கு வருமுன் இறக்கி மாவைக் கொட்டிவிட்டான். அந்த மாவை ஓர் இரவாவது வைத்திருக்க வேண்டும், அதுவும் செய்யவில்லை. பழிவாங்கப் போகிறவனுக்குப் பொறுமை ஏது? உள்ளே மாமனார் பெரியதம்பிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் முந்திக்கொண்டால் பன்னிரண்டு வருடத்துக் கணக்கு அப்படியே நின்றுபோகும்.

கணக்கு தலை தீபாவளியில் ஆரம்பித்தது. இதே ஒலக்கூர் வீட்டில், தீபாவளி நோம்புப் படையல் முடிந்து பெரியதம்பி அதிரசக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வருடா வருடம் அது அவர் வேலை. முழுசாக இருப்பதைப் பொறுக்கி வந்தவர்களுக்குக் கொடுப்பார். உடைந்ததை, விடியாத நேரத்திலிருந்து அடுப்பில் வெந்த மனைவி தைலம்மாள் பக்கம் தள்ளுவார். அன்றைக்கு மூத்த மருமகன் திருமுருகன் தட்டில் நல்ல அதிரசமாக அடுக்கினார். வெற்றிச்செல்வன் தட்டில் வேகவைத்த வேர்க்கடலையை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டையை, ஒரு கை அள்ளிப் போட்டார்.

“இவருக்கு இது போதும்.”

கூடம் சிரித்தது. வெற்றிச்செல்வனும் சிரித்தான். எதற்கும் சிரித்துத் தொலைக்கிற வாய் அது. சாயங்காலத்துக்குள் அவன் ஊருக்கே மல்லாட்டை மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

ஏன் என்று அவன் கேட்காத ஆள் இல்லை. “அவரு கொணம் அப்படிங்க,” என்றாள் மனைவி புனிதா. “மனசுல வச்சிக்காத சகல,” என்றான் அதிரசம் தின்ற திருமுருகன்.

போன வாரம் பெரியதம்பிக்கு அதிரச ஆசை வந்தது. வைகாசி வெயிலில். திண்டிவனத்தில் ஒரு கடையில் கிடைத்ததை வாங்கி வந்து வாயில் வைத்தார்கள், துப்பிவிட்டார். தைலம்மாளைக் கேட்டார்கள்.

“அது சாமிக்கு சுடறது. நோம்பு இல்லாதப்ப இந்தக் கையால சுடமாட்டேன்,” என்றாள். சொல்லிவிட்டு, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வாய்க்குப் பால் ஊற்றினாள். சாமி விஷயம் என்றதும் எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

“எங்க வீட்ல நோம்பே கெடையாது. நான் சுடறேன்,” என்றான் வெற்றிச்செல்வன்.

புனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகனா என்று எதிர்வீட்டு வீரம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவன் வெட்கமே இல்லாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டான். அவன் சட்டைப் பை நிறைய வேகவைத்த மல்லாட்டை இருந்தது. அதிரசத்தைக் கண்ணெதிரே காட்டி, கிழவர் கையை நீட்டும்போது மல்லாட்டையை வைத்து, “உங்களுக்கு இது போதும் மாமா,” என்று சொல்ல வேண்டும். பஜ்ஜி போடும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம்.

மீதி மாவில் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிப் பிசைந்து தட்டிப் போட்டான். இந்த முறை ஒன்று, ஒன்றே ஒன்று, வட்டம் குலையாமல் சிவந்து மேலே வந்தது. உடைந்த துண்டுகளுக்கு நடுவில் அதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பின்வாசற்படி ஏறினான்.

உள்ளே புனிதா வீறிட்டாள்.

கிழவர் இதிலும் ஜெயித்துவிட்டார். வெற்றிச்செல்வன் திரும்பி வந்து தட்டை மாவுப் பானை மேல் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தான். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது.

வாசனையை அணைக்க முடியவில்லை. மாலையோடு வந்தவர்கள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்கள். வீரம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தவள், மூச்சு வாங்க நிறுத்தியபோது பக்கத்திலிருந்தவளிடம், “ஏலக்கா தூக்கலா போட்டுக்கினு இருக்காரு பாரு,” என்றாள்.

வாய்க்கரிசி போட வரிசை நின்றது. வெற்றிச்செல்வனின் முறை வந்தபோது ஒரு கையில் அரிசி, இன்னொரு கை சட்டைப் பையில். கடைசி வாய்ப்பு. தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. விரலில் மல்லாட்டை தட்டுப்பட்டது. தோலோடு கொடுப்பதா, உரித்துக் கொடுப்பதா? பல் இல்லாத வாய். பன்னிரண்டு வருடத் திட்டத்தில் இதை யோசிக்கவே இல்லை.

“ஜல்தி மாப்ள. வெயிலு ஏறுதில்ல,” என்றார் பின்னால் நின்றவர்.

அரிசியைப் போட்டான். பாதி கன்னத்தில் வழிந்தது. குனிந்து அதைத் துடைத்துவிட்டு நகர்ந்தான்.

சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகி, ஈர வேட்டியோடு பின்கட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அணைந்த அடுப்பின் பக்கத்தில் தைலம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அந்தத் தட்டு. அவனும் எதிரில் குந்தினான்.

“அத்த, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. எனக்கு மட்டும் ஏன் மல்லாட்ட வச்சாரு?”

“உங்கள புடிக்கல.”

மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தான்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

இத்தனை வருடம் இதற்கு எத்தனையோ காரணங்களைக் கற்பனை செய்திருந்தான். பஜ்ஜிக் கடைதான் காரணமோ என்று அதைக்கூட ஒரு முறை மூடிவிடலாமா என நினைத்திருக்கிறான். இப்போது அவனுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

தைலம்மாள் தட்டுக்குக் கையை நீட்டினாள். உடைந்த துண்டுகளை விரலால் ஒதுக்கினாள். நடுவில் கிடந்த முழு அதிரசத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடித்தாள். அவசரமில்லாமல் மென்றாள்.

வெற்றிச்செல்வன் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நோம்பு இல்லாதப்ப சுட்டா என்னா ஆவும் அத்த?”

அவள் விழுங்கி முடித்தாள்.

“ஒண்ணும் ஆவாது,” என்றாள். உடைந்ததையெல்லாம் அவன் பக்கம் தள்ளிவிட்டு, மீதியைக் கடித்தாள்.